லஸ் முனையில் ரீஜென்சி

இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கி, அவர் மகன் பிரதிநிதியாக (ரீஜெண்டாக) இருந்து ஆண்ட ரீஜென்சிக் காலம் 1811 பிப்ரவரியில் தொடங்கி, மன்னர் இறந்த 1820 ஜனவரியில் முடிந்தது. கணக்குப் பார்த்தால் ஒன்பதே ஆண்டுகள். இந்த ஒன்பது ஆண்டைப் பற்றி எழுதப்பட்ட நாவல்களை அடுக்கினால் நம் சோழர் நாவல்கள் எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். அந்த நாவல்களுக்குத் தென் சென்னையில் ஒரு நிலையான வாசகர் கூட்டம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. லஸ் சர்ச் ரோட்டு நடைபாதை ஆழ்வார் கடையில், ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியில், தி. நகர் ஈலூர் நூலகத்தில், முனை மடங்கிய ஜார்ஜெட் ஹேயர் புத்தகங்கள் மில்ஸ் அண்ட் பூன் வரிசைக்குப் பக்கத்திலேயே கிடந்தன. வுட்ஹவுஸை அப்பாவிடமிருந்தும் ஹேயரை அம்மாவிடமிருந்தும் பெற்றுக்கொண்ட குடும்பங்கள் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நிறைய.

இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது, எதைக் காட்டியது, எதை மறைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அதே ஒன்பது ஆண்டில் இந்த ஊரும் இருந்தது. அதைப் பற்றி நம்மிடம் ஏன் ஒரு நாவல்கூட இல்லை?

ஜேன் ஆஸ்டினை முதலில் கல்லூரிப் பாடத்தில் படித்தோம், பிறகு ஹேயருக்கு இறங்கினோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சென்னை வாசிப்பின் வரிசை அது அல்ல. ரீஜென்சி அரச மாளிகை இங்கே நுழைந்தது ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் வழியாக. 1814ல் பிறந்த இந்த லண்டன்காரர், ‘மிஸ்டரீஸ் ஆஃப் தி கோர்ட் ஆஃப் லண்டன்’ என்ற தொடரை 1848 முதல் 1856 வரை வாராவாரம் எழுதித் தள்ளினார். அதன் முதல் வரிசையின் நாயகன், அல்லது வில்லன், பிற்பாடு ரீஜெண்டாகவும் நான்காம் ஜார்ஜாகவும் ஆன அதே வேல்ஸ் இளவரசர்தான். குடி, கடன், கள்ளக் காதல், மாறுவேடம், சுரங்கப் பாதை எதற்கும் குறைவில்லை. இங்கிலாந்து விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் இந்திய நூலகங்களில் ஆங்கில நாவல் எப்படிப் படிக்கப்பட்டது என்று ஆராய்ந்த பிரியா ஜோஷி, பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் ரெயினால்ட்ஸுக்கு இருந்த மவுசைத் தம் 2002ஆம் ஆண்டு நூலில் விரிவாகவே காட்டியிருக்கிறார். டிக்கன்ஸுக்கும் தாக்கரேக்கும் அவரோடு போட்டி போட முடியவில்லை.

ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் அவர் வந்து சேர்ந்தார். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ரெயினால்ட்ஸ் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதினார்கள். இளவரசர் ஜமீன்தாரானார், கோமாட்டி தாசியானாள், லண்டன் தெரு கும்பகோணத்துச் சந்தானது. இந்தத் தழுவல்களை இலக்கியக்காரர்கள் குப்பை என்று ஒதுக்கியதில் நியாயம் உண்டு. ஆனால் ரீஜென்சி மேட்டுக்குடியை அதன் கடன் பத்திரங்களோடும் அழுகலோடும் காட்டியவர் ரெயினால்ட்ஸ். அவர் சார்ட்டிஸ்ட் இயக்கத்துக்காரர், முடியாட்சியை வெறுத்தவர். ஆக, தமிழ்நாட்டுக்கு முதலில் வந்த ரீஜென்சி, இன்றைய வாசகர் ஏங்கிப் படிக்கிற பளபளப்பான ரீஜென்சி அல்ல. அந்தப் பளபளப்பு பின்னால் வந்தது. அதற்குப் பொறுப்பு ஒரே ஒரு பெண்மணி.

ஜார்ஜெட் ஹேயர் (1902–1974) இந்த வகை நாவலையே உண்டாக்கினார் என்று சொல்லலாம். ‘ரீஜென்சி பக்’ 1935ல் வந்தது. அடுத்த ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அவர் கட்டியெழுப்பிய லண்டன் அத்தனை முழுமையானது: எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம், கழுத்துத் துணியை எத்தனை விதமாகக் கட்டலாம், ஆல்மாக்ஸ் நடனக் கூடத்துக்குள் போக யார் தயவு வேண்டும், நான்கு குதிரை பூட்டிய வண்டி பாத் நகருக்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எதைக் கேட்டாலும் அதில் பதில் இருக்கும். 1937ல் எழுதிய ‘அன் இன்ஃபேமஸ் ஆர்மி’யில் வாட்டர்லூ போரை அவர் சொல்லியிருக்கும் விதத்தை ராணுவ வரலாற்றுக்காரர்களே மெச்சினார்கள். ஜெனிஃபர் க்ளோஸ்டர் 2005ல் ‘ஜார்ஜெட் ஹேயர்ஸ் ரீஜென்சி வேர்ல்ட்’ என்று ஒரு தனி நூலே எழுதினார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹேயரைப் படிக்கிறவர்கள் உண்டு.

இவ்வளவு துல்லியக்காரருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் காது கேட்காது. அவருடைய பிரபுக்களுக்கு வருமானம் வானத்திலிருந்து பொழிகிறது. ‘பிளாக் ஷீப்’ (1966) நாவலில் மைல்ஸ் கேல்வர்லே இந்தியாவுக்குத் துரத்தப்பட்டு, பெரும் செல்வத்தோடு திரும்பி வருகிறான். அங்கே என்ன செய்தான், யாரிடம் வாங்கினான், யாருக்கு விற்றான் என்று ஹேயர் நின்று கேட்பதில்லை. கேட்டால் நகைச்சுவை கெட்டுவிடும். ‘தி கிராண்ட் சோஃபி’யில் (1950) வட்டிக்கடைக்காரராக வரும் யூதரைச் சித்தரித்திருக்கும் விதம் இன்று படிக்கக் கூச்சமாக இருக்கிறது, அதுவும் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு எழுதியது என்னும்போது. அந்த அத்தியாயத்தைத் தாண்டித்தான் அந்நாவலை ரசிக்க வேண்டியிருக்கிறது. ரசிக்கவும் முடிகிறது, அதுதான் சங்கடம்.

ஆஸ்டின் அப்படியல்ல. அவருக்குப் பணத்தின் ஊற்று தெரியும். அந்த ஊற்றுகளில் ஒன்று நம் கடற்கரையில் இருந்ததும் அவருக்குத் தெரியும்.

அவருடைய அத்தை ஃபிலடெல்ஃபியா ஆஸ்டின், சொத்தில்லாத அநாதைப் பெண். மாப்பிள்ளை தேடி 1752 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்கினார். அன்று துறைமுகம் கிடையாது; கப்பல் தொலைவில் நிற்கும், மசூலாப் படகில் அலையில் நனைந்துகொண்டுதான் கரை சேர வேண்டும். 1753 பிப்ரவரியில் கடலூரில் அவருக்கும் டைசோ சால் ஹான்காக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவருக்கும் கல்யாணம் நடந்தது. புனித டேவிட் கோட்டையில் அவருக்கு வேலை. அதே மாதம் சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலினைக் கைப்பிடித்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய கம்பெனிக் கல்யாணச் சந்தை எவ்வளவு சிறியது என்று புரியும். ஹான்காக் தம்பதி பின்னர் வங்காளம் போனார்கள். 1761ல் அங்கே பிறந்த எலைசாவுக்கு ஞானத்தந்தை வாரன் ஹேஸ்டிங்ஸ். அந்தப் பெண் பேரில் அவர் 10,000 பவுண்டு எழுதிவைத்தார். ஏன் அவ்வளவு தொகை என்பதில் அன்றே ஊர் வாய் சும்மா இருக்கவில்லை.

எலைசா 1797ல் ஜேன் ஆஸ்டினின் அண்ணன் ஹென்றியை மணந்தார். 1811 ஏப்ரலில் லண்டன் ஸ்லோன் தெருவில் அந்த வீட்டில் தங்கித்தான் ஜேன் தன் முதல் நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் அச்சுப் படிகளைத் திருத்தினார். கடலூரில் நடந்த கல்யாணத்துக்கும் அந்த மேசைக்கும் இடையில் ஒரே ஒரு தலைமுறைதான்.

இந்தப் பின்னணியோடு படித்தால் நாவல்களே வேறு மாதிரி தெரிகின்றன. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் கர்னல் பிராண்டன் கீழை நாடுகளில் பட்டாளத்தில் இருந்தவர். வில்லோபி அவரை மட்டம் தட்ட நவாபு, மோஹர், பல்லக்கு என்று வரிசையாகச் சொல்லி நையாண்டி செய்கிறான். ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’கில் (1814) லேடி பெர்ட்ராம், கப்பலில் வேலை செய்கிற பையன் கீழை நாடுகளுக்குப் போனால் தனக்குச் சால்வை கிடைக்கும் என்று ஆசைப்படுகிறாள். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். பதினாறு பதினேழு வயதில் ஜேன் எழுதி முடிக்காமல் விட்ட ‘கேத்தரின்’ கதையில் ஓர் ஏழைப் பெண்ணை வங்காளத்துக்குக் கல்யாணத்துக்காகக் கப்பலேற்றுகிறார்கள். அதை நல்ல வாய்ப்பு என்று எல்லோரும் சொல்ல, கேத்தரின் மட்டும் கொடுமை என்கிறாள். அது எழுதப்பட்ட 1792லேயே ஃபிலடெல்ஃபியா அத்தை இறந்து போனார்.

எனக்கு மிகப் பிடித்தது ‘நார்த்தாங்கர் ஆபி’யில் வரும் மஸ்லின் பேச்சு. ஹென்றி டில்னி தங்கைக்கு கெஜம் ஐந்து ஷில்லிங்குக்கு அசல் இந்திய மஸ்லின் வாங்கித் தந்ததாகப் பெருமை அடித்துக்கொள்கிறான். கவனியுங்கள், அசல் என்று அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. லங்காஷயர் ஆலைப் போலி கடை நிறைய வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ வெளிவந்தது 1813 ஜனவரியில். கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகத்தை முடித்துவைத்த சாசனச் சட்டமும் அதே ஆண்டுதான். அதற்குப் பிறகு ஆலைத்துணி இந்தப் பக்கம் வந்து குவிந்ததும், நெசவாளிகளுக்காகவே 1730களில் உண்டாக்கிய சிந்தாதிரிப்பேட்டை போன்ற இடங்களில் தறிகள் ஓய்ந்ததும் நமக்குப் பாடப்புத்தகச் செய்தி. ரீஜென்சி கவுனைப் பற்றி உருகுகிறவர்கள் அந்தத் துணியின் மறுமுனையை நினைப்பது அரிது. சென்னை வாசகர் நினைக்கலாம். அவருக்கு அது பக்கத்துப் பேட்டைக் கதை.

தாக்கரேயைப் பற்றி ஒரு வார்த்தை. ‘வேனிட்டி ஃபேர்’ 1847–48ல் எழுதப்பட்டாலும் அதன் களம் வாட்டர்லூ காலம். அதில் நல்லவன் என்று சொல்லத்தக்க ஒரே ஆண்பிள்ளையான டாபினை ஆசிரியர் சென்னை மாகாணத்துப் பட்டாளத்தில்தான் பல ஆண்டு வாட விடுகிறார். தாக்கரேயின் சித்தப்பா, பெரியப்பாக்களில் சிலர் சென்னை மாகாணச் சேவையில் இருந்தவர்கள். அவர்களில் செயின்ட் ஜான் தாக்கரே 1824ல் கித்தூரில் கொல்லப்பட்டார். நாவலாசிரியர் தாக்கரேக்கு இது கேள்விப்பட்ட ஊர் அல்ல, குடும்ப ஊர்.

சரி, அந்தக் குடும்ப ஊர் அந்த ஒன்பது ஆண்டில் எப்படி இருந்தது?

தி. நகர் ஏரியாக இருந்தது. நுங்கம்பாக்கம் தொட்டு மாம்பலம் தாண்டிப் பரந்து கிடந்த அந்த நீண்ட ஏரியை 1920களில் தூர்த்துத்தான் பாண்டி பஜாரும் பனகல் பூங்காவும் வந்தன. மயிலாப்பூர் கோயிலையும் குளத்தையும் சுற்றிய ஊர். அடையாற்றங்கரையில் வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள். அவற்றில் ஒன்றான பிராடி காசில், 1790களின் கடைசியில் ஜேம்ஸ் பிராடி கட்டிய கோபுர வீடு, இன்றும் கிரீன்வேஸ் சாலையில் இசைப் பல்கலைக்கழகத்துக்குள் நிற்கிறது. கட்டிய சில ஆண்டுகளிலேயே அவர் அடையாற்றில் மூழ்கிச் செத்தார். கதீட்ரல் ரோட்டுக்குப் பெயர் கொடுத்த புனித ஜார்ஜ் பேராலயம் 1815ல் எழும்பி, மறு ஆண்டு அர்ச்சிக்கப்பட்டது. பெசன்ட் நகரில் நாம் சுண்டல் தின்கிற எலியட்ஸ் பீச், 1814 முதல் 1820 வரை கவர்னராக இருந்த ஹியூ எலியட்டின் மகன் எட்வர்டின் பெயரால் வந்தது. எலியட் என்றதும் ஒரு வேடிக்கை: ‘பர்சுவேஷன்’ நாவலில் கண்ணாடி முன்னாலேயே காலம் கழிக்கும் வெத்துவேட்டுப் பிரபுவின் பெயர் சர் வால்டர் எலியட். அந்த நாவல் அச்சேறிய நாலு வருஷத்தில் அதே பெயர்கொண்ட ஓர் இளைஞன் சென்னை சிவில் சர்வீசில் வந்து சேர்ந்தான். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டிச் சென்னைக்குக் கொண்டுவந்த வால்டர் எலியட் அவர்தான். பின்னாளில் அவருக்கும் சர் பட்டம் கிடைத்தது. நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

1812 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். கோட்டைக் கல்லூரி, தமிழ்ப் புலவர் வழக்கில் சென்னைக் கல்விச் சங்கம், அந்த ஆண்டு தொடங்கியது; நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு என்ற பெயர் அதனால் வந்தது. அதே ஆண்டு நீதிபதி ஜான் நியூபோல்ட் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி இன்றும் அதே காலேஜ் ரோட்டில், பின்னால் கட்டிய செங்கல் கட்டடத்தில், ஏணி வைத்து ஏறும் உயரமான அலமாரிகளோடு நடக்கிறது. ரீஜென்சி நாவல் படிக்க இந்த நகரத்தில் ரீஜென்சிக் காலத்திலேயே பிறந்த ஒரு நூலகம் இருக்கிறது என்பது வெளியூர்க்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயம். அதே 1812ல்தான் திருக்குறள் மூலம் முதன்முதலாகத் தமிழ் அச்சில் வந்தது. தஞ்சை மலையப்ப பிள்ளை குமாரர் ஞானப்பிரகாசன் மாசத்தினச் சரிதை அச்சுக்கூடத்தில் அதைப் பதிப்பித்தார். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாயகி எலிசபெத் பென்னட் வாசகர் கைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்னால் வள்ளுவர் சுவடியிலிருந்து காகிதத்துக்கு வந்துவிட்டார்.

இந்தக் காலத்துச் சென்னைக்கு ஒரு கதாநாயகன் வேண்டுமென்றால் ஃபிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1810 முதல் சென்னைக் கலெக்டர். தன் பெயரை எல்லீசன் என்று தமிழாக்கிக்கொண்டவர். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று 1816லேயே, கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்னால், கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில் நிறுவியவர். 1818ல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது நகரில் 27 கிணறுகள் வெட்டியதாக ராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் அவர் பொறித்த தமிழ்ப் பாட்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கல்வெட்டிலும் ஒரு குறள் உண்டு. அடுத்த ஆண்டு ராமநாதபுரத்தில் அகாலமாக இறந்தார். அவர் விட்டுச் சென்ற காகிதங்கள் மதுரையில் ஒரு துரையின் சமையல்கட்டில் அடுப்பு மூட்டப் போய்விட்டதாக, மேலே சொன்ன வால்டர் எலியட்தான் பின்னாளில் எழுதிவைத்தார். தாமஸ் ட்ரவுட்மனின் ‘லாங்வேஜஸ் அண்ட் நேஷன்ஸ்’ (2006) இந்த மனிதரை மீட்டெடுத்த நூல். ரீஜென்சி இங்கிலாந்தைப் பற்றிய வரலாற்று நூல்களை, ராபர்ட் மாரிசனின் ‘தி ரீஜென்சி இயர்ஸ்’ (2019) வரைக்கும், விரும்பிப் படிப்பவர்கள் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். நாவலைப் போல ஓடாது. ஆனால் எல்லிஸுக்குப் பின்னால் நின்ற சங்கரய்யா போன்ற சிரஸ்தார்கள், நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சிக்காக ஊர் ஊராகச் சுவடி திரட்டிய காவலி சகோதரர்கள் ஆகியோர் அதில் உயிரோடு நடமாடுகிறார்கள்.

நடன மண்டபமா? அதுவும் இங்கே உண்டு. மயிலாப்பூரில் பாட்டு வாத்தியாரிடம் சேரும் குழந்தைகள் சீக்கிரமே கற்பது நோட்டுஸ்வரம். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் மணலியில், முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவில் குடும்பத்தோடு இருந்தபோது கோட்டைப் பக்கம் போய் வெள்ளைக்காரர் பாண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன, எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டு. ‘வந்தே மீனாட்சி’ ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற ஐரிஷ் நடன மெட்டு. ஆஸ்டின் காலத்து நடனக் கூடங்களில் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்று ஆடியது இந்த மாதிரி மெட்டுகளுக்குத்தான். பாவாடை கட்டிய ஏழு வயதுப் பெண் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு ‘வந்தே மீனாட்சி’ பாடும்போது, கபாலி கோயில் மாட வீதியில் ரீஜென்சி நடனத்தின் கால் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதே சூழலில் வயலின் கற்று அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் நெதர்ஃபீல்ட் மண்டபத்தில் வாசித்த அதே வாத்தியம்.

இத்தனை இருந்தும் தமிழ் நாவல் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இதில் முரண் என்னவென்றால், வரலாற்று நாவல் என்ற வடிவமே ரீஜென்சியில் பிறந்தது. வால்டர் ஸ்காட் ‘வேவர்லி’யைப் பெயர் போடாமல் வெளியிட்டது 1814ல். அந்த வடிவம் இங்கே வந்து, திருகோணமலைக்காரரும் சென்னை மாநிலக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவருமான தி. த. சரவணமுத்துப் பிள்ளை 1895ல் எழுதிய ‘மோகனாங்கி’யில் தலைகாட்டி, கல்கியிடம் உச்சத்துக்குப் போயிற்று. கல்கிக்கும் அவர் வழிவந்தவர்களுக்கும் வேண்டியிருந்தது தலைநிமிரக்கூடிய ஒரு பழைய காலம். பல்லவன், சோழன் இருந்தார்கள். கம்பெனிக் காலத்திலும் 1801ல் மருது சகோதரர்கள் தூக்கிலேறும் வரை வீரம் கிடைத்தது, 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் கிடைத்தது. அதற்குப் பிறகு? துபாஷிகள், சிரஸ்தார்கள், புலவர்கள், பைசலான ஜமாபந்திகள். இவர்களை வைத்து எழுதினால் யார் படிப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஆஸ்டின் பாதிரியார்களையும் பெண்ணைக் கட்டிக்கொடுக்கத் திண்டாடும் சின்ன நிலக்காரர்களையும் வைத்துத்தான் எழுதினார், நெப்போலியனை அல்ல. அந்தப் பாடத்தை நாம் படித்தோம். எழுதும்போது ஸ்காட் பக்கம் போய்விட்டோம்.

சுற்றுவட்டத்தில் நல்ல நாவல்கள் இருக்கின்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு கையில் இருந்ததால் பிரபஞ்சனுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி வசப்பட்டது. ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ 1870களின் பஞ்சகாலச் சென்னைக்குப் போனது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மதுரையின் நீண்ட கதைக்குள் கம்பெனி கலெக்டர்களையும் கொண்டுவந்தது. நடுவில் இருக்கிற எல்லீசன் காலத்துச் சென்னை மட்டும் வெற்றிடம்.

சினிமா ஒருமுறை வேறு வழியில் கிட்டே வந்தது. ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைச் செட்டிநாட்டு வீட்டிலிருந்து சென்னை வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தது. இதில் சாமர்த்தியம் ஐஸ்வர்யா ராயின் மழைக் காட்சியில் இல்லை, வரவுசெலவில் இருக்கிறது. சொத்தை மகனுக்கு எழுதிவிடும் உயிலும் அந்த மருமகளும் அப்படியே பொருந்துகிறார்கள். கர்னல் பிராண்டனின் கீழை நாடு, மம்மூட்டியின் மேஜருக்கு இலங்கையாகிறது. அமைதிப் படையில் போய்க் காலை இழந்து வந்தவர். பணக்காரப் பெண்ணுக்காகக் காதலியை விடும் வில்லோபி, நிதி நிறுவனம் நடத்தி முதலீட்டாளர் பணத்தைத் தொலைத்த இளைஞனாகிறான். 1990களின் சென்னையில் அந்த மாதிரி நிறுவனங்களில் ஓய்வூதியத்தைப் போட்டு இழந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். ஆஸ்டினின் பொருளாதாரத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட தழுவல் இங்கிலாந்திலேயே அதிகம் இல்லை என்பது என் கட்சி.

அதற்கு நேர்மாறு 2022ல் வந்த ‘பிரிட்ஜெர்ட்டன்’ இரண்டாம் பருவம். ஜூலியா க்வின் நாவலின் ஆங்கில நாயகி, இந்தியாவிலிருந்து வந்த கேட் சர்மாவாகிறாள். தமிழ் வேர் கொண்ட சிமோன் ஆஷ்லியும் சரித்ரா சந்திரனும் அக்கா தங்கையாக நடித்தார்கள். தகப்பனை அப்பா என்பவள் தங்கையைப் ‘போன்’ என்கிறாள், தங்கை அவளை ‘தீதி’ என்கிறாள். தமிழும் வங்காளமும் ஒரே வீட்டுக்குள் எப்படி வந்தன என்று யாரும் கவலைப்படவில்லை. அடையாறு, பெசன்ட் நகர் வீடுகளில் கல்லூரிப் பெண்கள் அதைக் கொண்டாடித்தான் பார்த்தார்கள். நம் நிறத்தில் ஒருத்தி அந்தப் பட்டுக் கவுனில் நடப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல நான் யார். ஆனால் அந்தக் கதையில் கம்பெனி இல்லை, அடிமை வணிகம் இல்லை, மஸ்லின் தறி இல்லை. ஹேயருக்குக் கேட்காத காது இன்னும் கேட்கவில்லை. தோல் நிறம் மட்டும் மாறியிருக்கிறது. ரெயினால்ட்ஸ் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

நாவலுக்குக் கரு தேடுகிறவர்களுக்கு ஒரு நூலைச் சொல்லலாம். 1818ல் சென்னையில் அச்சான எல்லிஸின் மிராசு பற்றிய அறிக்கை. சர்க்கார் கேட்ட 17 கேள்விகளுக்குப் பதில்: தொண்டை மண்டலத்து ஊர்களில் நிலம் யாருடையது, காணியாட்சி எப்படிப் பங்காகும், யாருக்கு விற்கலாம், வெளியாள் வந்தால் என்ன உரிமை. உள்ளே சங்கரய்யாவின் விளக்கங்களும், சாசனங்களும், பழைய விலைப் பத்திரங்களும் நிறைந்திருக்கின்றன. ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ முழுவதும் தொங்குவது ஆண் வாரிசு இல்லாத வீட்டில் நிலம் யாருக்குப் போகும் என்ற ஒரே கேள்வியில்தான். அப்பா இறந்தால் லாங்போர்ன் தோட்டம் காலின்ஸ் என்ற உறவுக்காரருக்குப் போய்விடும், ஐந்து பெண்களும் தெருவில். அதே பத்தாண்டில் செங்கல்பட்டுப் பக்கத்து ஒரு மிராசுதார் வீட்டில் ஐந்து பெண்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்காளிகள் வாசலில் நிற்கிறார்கள், சங்கரய்யா சுவடிக் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதுகிறார், உள்ளே தாழ்வாரத்தில் மூத்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.